அப்புவிடம் மறைக்காதே

நாகர்கோவில்

அன்புள்ள ஜெயா,

புதன்கிழமை எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியில் அப்புவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்றாய். கழக்கூட்டத்திலிருந்து கிளம்பும்போது லுலு மாலுக்குப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டாயே, அது வேண்டாம் மக்களே. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக நான் பார்த்தவரை, வாசலில் அதிகம் அலறும் பிள்ளைகள் ஏமாற்றிக் கூட்டி வரப்பட்டவர்கள்தான்.

அப்பு மாதிரி ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு சொன்னால் போதும். ஏழெட்டு வயதென்றால் ஒரு வாரம் வேண்டியிருக்கும்.

என்ன நடக்குமோ அதையே சொல். அறை குளிரும், எல்லோரும் முகத்தை மூடியிருப்பார்கள், மூக்கில் மாஸ்க் வைப்பார்கள், ஸ்கெட்ச் பேனா போல ஒரு வாடை வரும். வீட்டில் நெபுலைசர் மாஸ்க் இருக்குமே, அதைக் கரடி பொம்மைக்கு அவனே மாட்டட்டும். அப்புறம் உனக்கு, கடைசியில் அவனுக்கு.

ஊசியே கிடையாது என்று வாக்குக் கொடுக்காதே. தோலை மரத்துப்போக வைக்கும் க்ரீம் உண்டு. தடவி ஒரு மணி நேரமாவது ஆக வேண்டும் என்பதால் முன்பே கேட்டு வை.

தூங்க வைப்பார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதே. உன் மாமனார் இறந்தபோது தாத்தா தூங்குகிறார் என்றுதானே அவனிடம் சொன்னோம்? இது மருந்தால் வரும் தூக்கம், வலி தெரியாது, டாக்டர் பக்கத்திலேயே இருப்பார், முடிந்ததும் எழுப்பிவிடுவார் என்று முழுசாகச் சொல்.

சாப்பாடும் பாலும் ஆறு மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தண்ணீருக்கு டாக்டர் சொல்லும் நேரம்தான் கணக்கு. உன் மாமியார் இரக்கப்பட்டு பிஸ்கட் நீட்டுவார், கவனம். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

மயங்கும்வரை பெற்றோரில் ஒருவரைச் சில இடங்களில் கூட இருக்க விடுவார்கள். விட்டால் உன் வீட்டுக்காரர் போகட்டும், நீ அழுதுவிடுவாய். தாய் கூட இருந்தாலே பிள்ளையின் பயம் போய்விடும் என்று ஆய்வுகள் சொல்லவில்லை. பதறாத ஆள்தான் வேண்டும். அவன் ரொம்பப் பயந்தால் மிடசோலம் சிரப் தரலாமா என்று மயக்க டாக்டரிடம் கேள்.

முழித்ததும் உன்னையே அடையாளம் தெரியாமல் கத்தி உதறலாம். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். வீட்டுக்கு வந்தபின் சில நாள் ராத்திரி அழுகை இருக்கலாம், படுக்கையை நனைக்கவும் செய்யலாம். திட்டாதே.

திங்கட்கிழமை சாயங்காலம் அவனிடம் பேசு. சோறு தின்னாவிட்டால் டாக்டர் ஊசி போடுவார் என்கிற மிரட்டலை இன்றைக்கே வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள்.

உன் பெரியம்மா