காது சொல்லும் தாளம்

திருப்பதி மலைமேல் புரட்டாசியில் பிரம்மோற்சவம் நடக்கும். அது ஒன்பது நாள் விழா. சாமி வாகனத்தில் நான்கு மாட வீதிகளிலும் உலா வருவார். வாகனத்துக்கு முன்னே கோலாட்டக் குழுக்கள் ஆடிப் போகும். சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் திருவிழா என்றால் கோலாட்டம் உண்டு.

கோலாட்டம் ஆடுகிறவர் கையில் இரண்டு கோல்கள் இருக்கும். கை தட்ட வேண்டும். கால் நகர வேண்டும். உடல் திரும்ப வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். கண்ணால் பார்த்துப் பார்த்து ஆட நேரம் இல்லை. காதுதான் துணை.

ஆட்டத்தில் இரண்டு ஓசைகள் உண்டு. ஒன்று, பாட்டும் தாளமும். அது "இப்போது தட்டு" என்று வழி காட்டும். மற்றொன்று, கோலின் ஓசை. அது "சரியாகத் தட்டினாயா?" என்பதற்குப் பதில் சொல்லும்.

இருபது பேர் தட்டினாலும் 'டக்' என்று ஒரே ஓசை கேட்டால் ஆட்டம் சரி. 'டட்டக்' என்று சிதறிக் கேட்டால், யாரோ முந்திவிட்டார், அல்லது பிந்திவிட்டார். அடுத்த அடியிலேயே திருத்திக்கொள்ளலாம். திருத்தாவிட்டால் கோல் விரலில் படும்!

கயிறு தாண்டும்போதும் இப்படித்தான். கயிறு தரையில் 'சட்' என்று படும். பிறகு கால் 'தப்' என்று இறங்கும். சட், தப். சட், தப். இடைவெளி மாறாமல் கேட்டால் தாளம் சரி. கால் 'தொம்' என்று விழுந்தால் முழங்காலில் அதிர்ச்சி ஏறும். அப்போது உயரமாகக் குதிக்கக் கூடாது. முழங்காலைச் சற்று மடக்கி, முன்பாதத்தில் மெதுவாக இறங்க வேண்டும். ஓசை தானே குறையும்.

ஓடும்போதும் காலடி ஓசையைக் கேட்கலாம். இரண்டு காலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் பலமாக ஒலித்தால் நின்று கவனிக்க வேண்டும். காலில் வலி இருக்கலாம். செருப்பு தேய்ந்திருக்கலாம்.

காதை இவ்வளவு நம்பலாமா? நம்பலாம். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்துக்குள் சிறு குண்டுகள் இருக்கும். பந்து உருண்டால் கலகலவென்று ஒலிக்கும். பார்வையே இல்லாதவர்களும் அந்த ஓசையைக் கேட்டு அடிக்கிறார்கள். 2012-இல் பெங்களூரில் பார்வையற்றோருக்கான இருபது ஓவர் உலகக் கோப்பை நடந்தது. இறுதிப் போட்டியில் இந்தியா பாகிஸ்தானை வென்றது.

"எனக்குத் தாளம் வராது" என்று சிலர் ஒதுங்கி நிற்பார்கள். அவர்களும் பழகலாம். முதலில் உட்கார்ந்து தாளத்தைக் கேட்க வேண்டும். பிறகு கை தட்ட வேண்டும். அடுத்து, மெதுவாக நடந்தபடி தட்ட வேண்டும். ஓசை ஒன்றாகச் சேர்ந்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும்.

சொல்லுங்கள்
1. கோலாட்டத்தில் கேட்கும் இரண்டு ஓசைகள் எவை?
2. கோலின் ஓசை சிதறிக் கேட்டால் என்ன பொருள்?

செய்து பாருங்கள்
நான்கு பேர் சேர்ந்து கண்ணை மூடிக் கை தட்டுங்கள். ஒரே ஓசை கேட்கிறதா?