ஒன்பது கோல் போட்ட ஆட்டத்தை ஒதுக்கி வை

அன்புள்ள தங்கைக்கு,

உன் கேள்வி ஒரே வரிதான்: "இந்த சீசன் எங்கள் காலேஜ் டீம் நல்லா ஆடிட்டு இருக்கு, அடுத்த மேட்சையும் ஜெயிச்சிடுவோமா?" சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய், மாலையில் கிரவுண்டில் பந்து உதைத்துவிட்டுத் திரும்பும் பெண் இப்படிக் கேட்பது இயல்புதான். ஆனால் இந்த ஒரு வரிக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இதுவரை நல்லா ஆடினோமா என்பது ஒன்று. இனி என்ன நடக்கும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் புள்ளிக் கணக்கைப் பார்த்துப் பதில் சொல்லி, அதே பதிலை இரண்டாவது கேள்விக்கும் ஒட்டிவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. வெற்றிகளை எண்ணிப் பார்த்தால் போதாது, ஒவ்வொன்றையும் எடைபோட வேண்டும். யாரோடு ஆடி, எந்தக் கிரவுண்டில் ஆடி, எப்படி வந்த வெற்றி என்று தெரியாதவரை அடுத்த ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்க நமக்கு உரிமையில்லை என்பேன்.

ஒரு கல்லூரி அணி ஐந்து ஆட்டம் ஆடியிருக்கிறது என்று வைத்துக்கொள். முதல் ஆட்டத்தில் 9-0, அடுத்து 3-0, பிறகு 1-0, மறுபடி 1-0, கடைசியாக 1-1 டிரா. மொத்தம் 15 கோல் போட்டு ஒன்றுதான் வாங்கியிருக்கிறார்கள். ஆட்டத்துக்கு மூன்று கோல்! நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். இப்போது அந்த ஒன்பது கோல் ஆட்டத்தை ஒதுக்கி வை. எதிரணி பதினொரு பேரைச் சேர்க்கவே திணறி, கபடி ஆடும் பெண்ணைக் கோல் கீப்பராக நிறுத்திய ஆட்டம் அது. மிச்சம் நாலு ஆட்டத்தில் 6 கோல், சராசரி ஒன்றரை. வரிசையையும் கவனி: எதிரணி பலமாக ஆக ஆக, கோல் வித்தியாசம் ஒன்பது, மூன்று, ஒன்று, ஒன்று, பூஜ்யம் என்று தேய்ந்துகொண்டே வருகிறது. புள்ளிப்பட்டியலில் இது தோல்வியே காணாத அணி. என் கண்ணுக்கு, அடுத்த பலமான அணியிடம் மாட்டிக்கொள்ளப் போகிற அணி.

கற்பனைக் கணக்கு என்று தள்ளிவிடாதே. நம் பக்கத்து மதுரை அணிக்கு நடந்ததைப் பார். சேது எஃப்.சி. பெண்கள் அணி 2019 மே 22 அன்று லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை மதுரைக்குக் கொண்டுவந்தது. மூன்று ஆண்டு கழித்து, 2022-இல், அதே லீக் 12 அணிகளோடு புவனேஸ்வரில் நடந்தது. ஆளுக்குப் பதினொரு ஆட்டம். பத்து ஆட்டம் முடிந்தபோது சேது பத்திலும் வென்றிருந்தது, கேரளத்தின் கோகுலமும் பத்திலும் வென்றிருந்தது. இரண்டுக்கும் 30 புள்ளிகள். பதினோராவது ஆட்டம் இவர்கள் இருவருக்கும் இடையில். கோல் வித்தியாசத்தில் கோகுலம் முன்னால் நின்றதால் அதற்கு டிரா போதும், சேதுவுக்கோ வெற்றியே வேண்டும். மே 26 அன்று சேதுதான் முந்திக்கொண்டு கோல் போட்டது. முடிவு 3-1 என்று கோகுலத்துக்குப் போய், கோப்பையும் போனது. பத்து வெற்றி என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தை யாராலும் கணித்திருக்க முடியாது, ஏனென்றால் அது இருவரிடமும் ஒரே அளவில் இருந்தது. லீக்கிலேயே பலமான இரண்டு அணிகள் கடைசி நாள்வரை ஒன்றையொன்று தொடவேயில்லை. இருவர் கையிலிருந்த பத்து வெற்றிகளும் மற்றவர்களிடமிருந்து வாங்கியவை. கோகுலம் அந்த மற்றவர்களை இன்னும் அழுத்தமாக அடித்திருந்தது என்பது மட்டுமே கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு.

"அண்ணே, கடைசியில் கோப்பை புள்ளிக்குத்தானே கொடுக்கிறார்கள்? எதிரணி பலவீனமாக இருந்தால் அது எங்கள் குற்றமா?" என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். இதே கேள்விக்கு அமெரிக்காவில் பெரிய சண்டையே நடந்தது. அங்கே கல்லூரி ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம், நம் கால்பந்து இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள், ஆளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று ஆட்டம். எல்லாரும் எல்லாரோடும் ஆட வழியே இல்லை. எனவே 13 பேர் கொண்ட ஒரு குழு உட்கார்ந்து, யார் யாரோடு ஆடி ஜெயித்தார் என்று பார்த்து, கடைசிச் சுற்றுக்கு நான்கு அணிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. 2023-இல் ஃபுளோரிடா ஸ்டேட் அணி 13 ஆட்டம் ஆடி 13-லும் வென்றது. குழு அதை ஐந்தாவது இடத்தில் வைத்து வெளியே நிறுத்திவிட்டது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் முக்கிய வீரர் நவம்பரில் காலில் அடிபட்டு விலகியிருந்தார். அவர் இல்லாத அணி பழைய அணி இல்லை என்பது குழுவின் வாதம். ஒரு தோல்வி கண்ட அணிகள் உள்ளே போயின. ஊரே கொதித்தது.

இதில் எனக்கு இரண்டு மனம். ஜெயித்ததற்குப் பரிசு என்று பார்த்தால் அது அநியாயம். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று ஜெயித்தவனிடம் "நீ இன்னும் கொஞ்சம் நன்றாக ஜெயித்திருக்கலாம்" என்று சொல்வது விளையாட்டே ஆகாது. இனி எப்படி ஆடுவார்கள் என்ற கணிப்பாகப் பார்த்தால், குழு கேட்டது சரியான கேள்வி. இரண்டையும் ஒரே குழு ஒரே மூச்சில் செய்ததுதான் சிக்கல். அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று நடந்த வேறொரு ஆட்டத்தில் ஃபுளோரிடா ஸ்டேட் ஜார்ஜியாவிடம் 63-3 என்று நொறுங்கியது. "பார்த்தாயா, குழு சொன்னது பலித்தது" என்றார்கள் பலர். அதை நான் சாட்சியாக எடுக்கமாட்டேன். அணியின் முக்கியமான ஆட்கள் பலர் அன்று களமிறங்கவே இல்லை. நம் வாதத்துக்குத் தோதாக இருக்கிறதே என்று பழுதான சாட்சியைக் கூண்டில் ஏற்றக் கூடாது. அடுத்த ஆண்டே நான்கைப் பன்னிரண்டு அணிகளாக்கினார்கள்.

ஆகவே புள்ளிக்கு உரிய மரியாதை புள்ளிக்கு. கோப்பையை அது தீர்மானிக்கட்டும். அடுத்த ஆட்டத்தைக் கணிக்க நமக்கு வேறு விஷயங்கள் வேண்டும். அதில் முதலாவது, கோல் எப்படி வந்தது என்பது. 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா சவுதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றது உனக்கு நினைவிருக்கும். அன்று சவுதி மொத்தமாக அடித்த ஷாட் மூன்று. அதில் இரண்டு கோல். அர்ஜென்டினா அடித்தது பதினைந்து. அது போக முதல் பாதியில் மூன்று கோல் ஆஃப்சைடு என்று கழிந்தது. முடிவை மட்டும் பார்த்தவர்கள் மெஸ்ஸியின் கதை முடிந்தது என்றார்கள். ஷாட் கணக்கைப் பார்த்தவர்கள் இந்த அணி மோசமாக ஆடவில்லை என்றார்கள். கோப்பை யாரிடம் போனது என்று உனக்கே தெரியும். எல்லா ஷாட்டும் ஒரே எடை இல்லை என்பதையும் சேர்த்துக்கொள். பெனால்டி நாலுக்கு மூன்று கோலாகும். பாக்ஸுக்கு வெளியே தூரத்திலிருந்து அடிப்பது நூற்றில் ஒரு சிலதான். உங்களுக்கும் ஒரு 1-0 வெற்றி தூரத்து அடியில் வந்திருந்தால் சந்தோஷப்படு, ஆனால் அடுத்த மேட்சுக்கும் அது வரும் என்று நம்பி உட்காராதே.

இரண்டாவது, வெற்றி எத்தனை மெல்லிய கயிற்றில் தொங்கியது என்பது. இதற்குச் சென்னை சிட்டி எஃப்.சி.யைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டில் இல்லை. கோயம்புத்தூரில் ஆடிய அந்த ஆண்கள் அணி, ஐ-லீக் என்ற தேசிய லீக்கில், 2017-18-இல் பத்து அணிகளில் எட்டாவது. அடுத்த சீசனில் சாம்பியன்! 20 ஆட்டத்தில் 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, 43 புள்ளிகள். இரண்டாவது வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஈஸ்ட் பெங்காலைக் கொல்கத்தாவிலும் கோவையிலும் இரண்டு முறையும் 2-1 என்றுதான் சென்னை வென்றது. அதில் ஏதாவது ஒன்று டிரா ஆகியிருந்தால் சென்னைக்கு 41, ஈஸ்ட் பெங்காலுக்கு 43, கோப்பை கொல்கத்தாவுக்கு. 2019 மார்ச் 9 அன்று, கடைசி ஆட்டத்தில், மினர்வா பஞ்சாபிடம் தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கி, இரண்டாம் பாதியில் மூன்று போட்டு 3-1 என்று தப்பித்தார்கள். இதைச் சொல்வதால் அவர்கள் வெற்றி எனக்குக் குறைந்துவிடவில்லை; பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டுவருவது சாதாரண விஷயமில்லை. ஆனால் சாம்பியன் என்ற சொல்லுக்கும் இரண்டாமிடம் என்ற சொல்லுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு கோல். அவர்கள் போட்ட 48 கோலில் 21 ஒரே ஆள் போட்டது, பெட்ரோ மான்சி. அடுத்த சீசனின் நடுவில் அவர் ஜப்பானுக்குப் போய்விட்டார். நடுக்களத்தில் ஆடிய நெஸ்டர் அதற்கு முன்பே ஹைதராபாத் போயிருந்தார். 2020-இல் கொரோனாவால் லீக் பாதியில் நின்றபோது முதலிடத்தில் இருந்தது மோகன் பகான். போன சீசன் கோப்பை இந்த சீசனுக்கு ஒரு கோல்கூடப் போட்டுத் தராது. கல்லூரி அணியில் இது இன்னும் கடுமை. மூன்றாமாண்டு முடித்த நாலு பேர் போனால் பாதி அணி போய்விடும்.

"இத்தனை கணக்கு எதற்கு? பி.டி. மேடம் ஒரு பார்வை பார்த்தாலே சொல்லிவிடுவார்களே" என்பது அடுத்த மறுப்பு. அதிலும் உண்மை இருக்கிறது. கணக்கு ஏமாற்றும். இங்கிலாந்து விமானப் படையில் கணக்கு அதிகாரியாக இருந்த சார்லஸ் ரீப், 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுன் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நோட்டையும் பென்சிலையும் எடுத்து ஒவ்வொரு பாஸையும் குறிக்கத் தொடங்கினார். பிறகு வாழ்நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களைக் குறித்தார். பத்து கோலில் எட்டு, மூன்று பாஸுக்குள் வருகிறது என்று கண்டு, அப்படியானால் பந்தை நீளமாகத் தூக்கி அடிப்பதுதான் வழி என்று தீர்மானித்தார். இங்கிலாந்தில் பலர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். அவருடைய நோட்டிலேயே இன்னொரு எண் இருந்தது: பத்து முயற்சியில் ஒன்பதுக்கு மேல் மூன்று பாஸுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. ஒன்பது பங்கு முயற்சியில் எட்டுப் பங்கு கோல், ஒரு பங்கு முயற்சியில் இரண்டு பங்கு கோல் என்றால் எது லாபம்? பல பாஸ்களைக் கோத்து ஆடுவதுதான். உழைப்பு முழுதும் சரியாக இருந்தும் வகுத்துப் பார்க்காததால் மனிதர் தலைகீழாக முடிவெடுத்தார். ஆகவே கணக்கு போதாது என்பவர்களோடு சேர்ந்துகொள்கிறேன், கணக்கே வேண்டாம் என்பவர்களோடு இல்லை. மேடத்தின் கண் கடைசி மேட்சை மட்டும் பெரிதாகக் காட்டும். நோட்டு ஐந்து மேட்சையும் ஒரே அளவில் காட்டும்.

வீடியோவும் கம்ப்யூட்டரும் இல்லாத கல்லூரிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அடிபட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கொடு. ஒரு பக்கத்தில் பாக்ஸ் படம் வரைந்து, நம் ஷாட்டுக்குப் புள்ளி, எதிரணி ஷாட்டுக்குப் பெருக்கல் குறி, கோலானால் அதைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் நிமிடம். ஓரத்தில் கிரவுண்டு எப்படி என்று ஒரு சொல்: காய்ந்தது, ஈரம், சகதி. ஐப்பசி மழைக்குப் பிறகு நம் பக்கத்துக் கரிசல் கிரவுண்டில் பந்து உருளாது, அடித்த இடத்திலேயே அமுங்கி நிற்கும். சின்னச் சின்னப் பாஸாகக் கோத்து ஆடும் அணி அங்கே பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். செம்மண் கிரவுண்டில் எடுத்த 3-0 அங்கே செல்லாது. நாலு ஆட்டத்துக்கு இப்படிக் குறித்தாலே, கோல் வாங்குவது எல்லாம் 70-ஆவது நிமிடத்துக்குப் பிறகுதானா, கார்னரில்தானா என்று பக்கத்தைப் புரட்டும்போதே தெரிந்துவிடும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நாக் அவுட் ஆட்டத்தில் பத்துக்கு ஏழு தடவை ஜெயிக்கக்கூடிய பலமான அணி என்றே வைத்துக்கொள்வோம். தொடர்ந்து நாலு சுற்று ஜெயிக்க அந்த அணிக்கு உள்ள வாய்ப்பு எவ்வளவு? ஏழைப் பத்தால் வகுத்து நாலு தடவை பெருக்கிப் பார்: 24 சதவீதம். நாலுக்கு ஒன்று கூட இல்லை. காமராசர் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்குள் நடக்கும் போட்டியாகட்டும், முதல் நாலு இடம் பிடித்தால் அகில இந்தியப் போட்டிக்குப் போகலாம் என்ற தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியாகட்டும், நல்ல அணி பாதியில் வெளியேறுவது அதிசயமில்லை, அதுதான் வழக்கம். தோற்றவுடன் கோச்சைத் திட்டுவதும் கீப்பரை அழவைப்பதும் இந்தப் பெருக்கல் தெரியாதவர்கள் செய்யும் வேலை.

அதனால் ஜெயிப்போமா என்று கேட்டால் ஆமாம் இல்லை என்று சொல்லாதே, பத்துக்கு எத்தனை என்று சொல். அந்த எண்ணை ஆட்டத்துக்கு முந்தின நாள் இரவே, தேதி போட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடு. ஆட்டம் முடிந்தபின் திருத்தாதே. சீசன் முடிந்ததும் நோட்டை எனக்கு அனுப்பு. பத்துக்கு ஏழு என்று நீ எழுதியவற்றில் எத்தனை பலித்தன என்று சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்