பவர் குவெரியில் ரெஃப்ரெஷ் சீக்கிரம் முடிய...

எக்செல் 2016 முதல் பவர் குவெரி கூடவே வருகிறது. பவர் பிஐ-யிலும் அதே கருவிதான். தகவலைத் திரட்டிச் சுத்தம் செய்ய அருமையான வசதி. ஆனால் ‘ரெஃப்ரெஷ் ஆல்’ அழுத்திவிட்டு நெடுநேரம் காத்திருக்கும் அலுவலகங்கள் ஏராளம். பெரும்பாலும் குறை கம்ப்யூட்டரில் இல்லை. தேவைக்கு மேல் தகவலை இழுத்து வருவதுதான் காரணம்.

1. வேண்டாத வரிசைகளையும் நெடுவரிசைகளையும் முதல் படிகளிலேயே கழித்துவிடுங்கள். இந்த ஆண்டு அறிக்கைக்குப் பத்து ஆண்டு பில்கள் எதற்கு? நெடுவரிசைகளுக்கு ‘ரிமூவ் அதர் காலம்ஸ்’ நல்லது. நாளை மூலத்தில் புதிதாக ஏதாவது சேர்ந்தாலும் உள்ளே நுழையாது.

2. எஸ்க்யூஎல் சர்வர் போன்ற தரவுத்தளத்திலிருந்து எடுப்பவர்களுக்கு இதுதான் தலையாய குறிப்பு. பவர் குவெரி உங்கள் படிகளை முடிந்தவரை ஒரே எஸ்க்யூஎல் கட்டளையாக்கிச் சர்வருக்கே அனுப்பும். ‘குவெரி ஃபோல்டிங்’ என்பது இதுதான். வடிகட்டுவதும் கூட்டுவதும் அங்கேயே முடிந்து, விடை மட்டும் வந்து சேரும். இது நடக்கிறதா என்று பார்க்க, ‘அப்ளைடு ஸ்டெப்ஸ்’ பட்டியலின் கடைசிப் படியில் ரைட் கிளிக் செய்யுங்கள். ‘வியூ நேட்டிவ் குவெரி’ அழுத்தும்படி இருந்தால் கவலையில்லை. மங்கலாக இருந்தால் ஒவ்வொரு படியாக மேலே போய்ப் பாருங்கள். அது தெளிவாகத் தெரியும் படிக்கு அடுத்ததுதான் பெரும்பாலும் தொடரை அறுத்த படி.

3. அப்படி அறுப்பவற்றில் இரண்டை அடிக்கடி பார்க்கலாம்: இன்டெக்ஸ் நெடுவரிசை சேர்ப்பது, ‘கேபிடலைஸ் ஈச் வேர்ட்’ கொடுப்பது. இன்டெக்ஸ் சேர்த்த பிறகு ‘கிளை = மதுரை’ என்று வடிகட்டினால், எல்லாக் கிளைகளின் பில்களும் உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகே வடிகட்டல் நடக்கும். வடிகட்டும் படியை மவுஸால் மேலே இழுத்து வைத்தால் மதுரை பில்கள் மட்டும் வரும். ஒன்றைக் கவனியுங்கள்: இப்போது இன்டெக்ஸ் எண் மதுரைக்குள் மட்டுமே வரிசையாக ஓடும். அந்த எண்ணை வேறு எங்காவது பயன்படுத்தியிருந்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

4. வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ படியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பிவட் போடப்போகிறீர்கள் என்றால் அங்கேயே செய்துகொள்ளலாம்.

5. இரண்டு டேபிள்களை ‘மெர்ஜ்’ செய்யும் முன் இரண்டையும் சுருக்குங்கள். பொருள் பட்டியலில் ஒரே குறியீடு இரண்டு முறை இருந்தால், அந்தப் பொருளின் ஒவ்வொரு விற்பனையும் இரண்டு வரிசையாகிவிடும். வேகம் கெடுவதோடு விற்பனைத் தொகையும் தப்பாகும். ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ கொடுக்கும் முன் எந்த வரிசை சரியானது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

6. ஒரு ஃபோல்டரில் உள்ள பல கோப்புகளை இணைக்கிறீர்களா? வாய்ப்பிருந்தால் எக்செல் கோப்புக்குப் பதில் சிஎஸ்வி கேட்டு வாங்குங்கள். எக்செல் கோப்பு என்பது ஜிப் செய்த எக்ஸ்எம்எல். அதைப் பிரித்துப் படிக்க நேரம் பிடிக்கும்.

7. இடைநிலைக் குவெரிகளை ஷீட்டில் கொட்ட வேண்டாம். ‘லோட் டு’ போய் ‘ஒன்லி க்ரியேட் கனெக்‌ஷன்’ தேர்ந்தெடுங்கள். ஷீட்டில் 10,48,576 வரிசைதான் கொள்ளும். அதற்கு மேல் போனால் டேட்டா மாடலில் ஏற்றுங்கள்.

8. ‘டேபிள்.பஃபர்’ போட்டால் வேகம் கூடும் என்று பலர் சொல்வார்கள். அது டேபிள் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றுவதுடன், அதற்குப் பிறகு வரும் படிகளின் ஃபோல்டிங்கையும் நிறுத்திவிடும். ஒரே சிறிய பட்டியலைத் திரும்பத் திரும்பத் தேட வேண்டிய இடத்தில் மட்டும் போடுங்கள்.

9. எடிட்டரில் வேலை செய்யும்போதே இழுவையாக இருந்தால் ‘குவெரி ஆப்ஷன்ஸ்’ போய், பின்னணியில் முன்னோட்டம் இறங்குவதை நிறுத்துங்கள். நிறைய குவெரி உள்ள கோப்பில் வித்தியாசம் உடனே தெரியும்.