செல்போன் படத்தை பிளேயரில் ஓடுகிற சிடியாக மாற்றுவது எப்படி?



இந்த மாதச் சுவர் இதழில் நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு கம்ப்யூட்டர் பாடம். தலைப்பைப் பார்த்ததும், "இப்ப யாரு சிடி பாக்குறா?" என்று சிலர் கேட்பீர்கள். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி பக்கத்தில் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் நிறையப் பேர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்து, உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிப்போனவர்கள். அப்புறம் பெரிதாக வெடித்தபோது மாட்டிக்கொண்டார்கள்.

அதனால்தான் எங்கள் வகுப்பில் 12 நிமிஷத்துக்கு ஒரு பாதுகாப்புப் படம் எடுத்திருக்கிறோம். வெடிச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் ஓடக் கூடாது. வேலைக்குப் பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். ஓர் அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது. கழிவு மருந்தைப் பிள்ளைகள் தொடக் கூடாது. இவ்வளவும் அந்தப் படத்தில் இருக்கிறது.

படம் செல்போனில் இருக்கிறது. ஆனால் நம்ம ஊரில் பல வீட்டில் ஒரே ஒரு போன்தான், அதுவும் காலையிலேயே அப்பாவோடு போய்விடும். சாயங்காலம் வந்தாலும் கையளவு திரையில் ஒருத்தர்தான் பார்க்க முடியும், அப்பத்தாவுக்குக் கண் தெரியாது. ஆனால் 2006 முதல் 2011 வரை அரசு கொடுத்த இலவசக் கலர் டிவியும், அதற்கு அடியில் துணி போட்டு மூடிய ஒரு பிளேயரும் இன்னும் சில வீட்டில் இருக்கிறது. அதில் போட்டால் வீடே உட்கார்ந்து பார்க்கலாம்.

காப்பி பண்ணினால் ஏன் ஓடாது?

பைலை அப்படியே சிடியில் ஏற்றினால் போதும் என்று நினைப்போம். பிளேயரில் போட்டால் "நோ டிஸ்க்" என்று வரும், அல்லது சும்மா சுற்றும். இதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது.

பழைய விசிடி படத்தில் ஒரு காட்சிக்கு 352 × 288 = 1,01,376 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்துக்கு 3 பைட் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 25 காட்சிகள். பெருக்கினால் ஒரு நொடிக்கு 76 லட்சம் பைட், ஒரு நிமிஷத்துக்கு சுமார் 456 எம்பி! ஒரு சிடியில் 2 நிமிஷப் படம்கூட அடங்காது.

அதனால் படத்தைச் சுருக்குகிறார்கள். அடுத்தடுத்த காட்சியில் மாறாத சுவரையும் வானத்தையும் திரும்பத் திரும்ப எழுதாமல், மாறினதை மட்டும் எழுதுவது ஒரு வழி. இப்படிச் சுருக்கினால் விசிடியில் படத்துக்கு நொடிக்கு 1150 கிலோபிட், ஒலிக்கு 224 கிலோபிட், ஆக 1374 கிலோபிட் போதும். அதை 60ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால், நிமிஷத்துக்கு சுமார் 10.3 எம்பி. எங்கள் 12 நிமிஷப் படத்துக்கு 124 எம்பிதான்.

ஆனால் சுருக்கும் முறை பல இருக்கிறது. பழைய பிளேயருக்குள் இருக்கும் சில்லுக்கு எம்பெக்-1, எம்பெக்-2 என்ற பழைய முறைகள்தான் தெரியும். செல்போன் எடுப்பது எச்.264 போன்ற புது முறையில். நம் பைல் கெட்டுப்போகவில்லை, பிளேயருக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்குத் தெரிந்த எழுத்தில் மாற்றி எழுதுவதைத்தான் கன்வெர்ட் பண்ணுவது என்கிறோம்.

இரண்டு வகைத் தட்டுகள்

விசிடி: 1993ல் வந்தது. முறை எம்பெக்-1. அளவு 352 × 288. சிடி-ஆர் தட்டில் எழுத வேண்டும். 74 முதல் 80 நிமிஷம் கொள்ளும்.

டிவிடி: 1996ல் வந்தது. முறை எம்பெக்-2. அளவு 720 × 576. டிவிடி-ஆர் தட்டில் 4.7 ஜிபி. நல்ல தெளிவில் சுமார் 2 மணி நேரம் கொள்ளும்.

இரண்டிலும் நொடிக்கு 25 காட்சிகள். நம் நாட்டு டிவி முறையான 'பால்' கணக்கு அது. செல்போனில் பெரும்பாலும் 30 இருக்கும், மாற்றும்போது மென்பொருளே சரிசெய்துவிடும்.

செய்முறை

1. முதலில் பிளேயரின் முகப்பைப் பாருங்கள். விசிடி என்று மட்டும் போட்டிருந்தால் டிவிடி தட்டு ஓடவே ஓடாது. சிடியைப் படிக்கும் ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. டிவிடியின் குழிகள் அவ்வளவு சின்னவை. ஆனால் டிவிடி பிளேயரில் பெரும்பாலும் விசிடி ஓடும். ஆகவே சின்னப் படத்தைப் பல வீட்டுக்குக் கொடுக்க விசிடிதான் நல்லது.

2. போனைப் படுக்கை வாட்டில் பிடித்து எடுங்கள். நிமிர்த்தி எடுத்தால் டிவியில் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும். பழைய டிவி ஓரத்தைக் கொஞ்சம் மறைத்துவிடும். எழுத்தைப் பெரிசாக, நடுவில் போடுங்கள்.

3. கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தெளிவு குறையும்.

4. டிவிடிக்கு 'டிவிடி ஸ்டைலர்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விசிடிக்கு 'எஃப்எஃப்எம்பெக்' என்ற இலவச மென்பொருளில் 'பால் விசிடி' என்று குறி கொடுத்தால் எல்லா அளவையும் அதுவே வைத்துக்கொள்ளும்.

5. புது லேப்டாப்பில் பெரும்பாலும் டிஸ்க் போடும் இடம் கிடையாது. யுஎஸ்பியில் மாட்டும் ரைட்டர் வேண்டும். எழுதும் மென்பொருளில் 'டேட்டா சிடி' என்று கொடுக்காமல் 'வீடியோ சிடி' என்று கொடுக்க வேண்டும். லினக்ஸில் 'கே3பி' மென்பொருளில் இது இருக்கிறது.

6. கடைசியில் 'பைனலைஸ்' ஆகும் வரை தட்டை வெளியே எடுக்காதீர்கள். அது முடியாத தட்டைப் பல பிளேயர்கள் படிக்காது.

7. கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்று நம்பிக் கொடுக்கக் கூடாது. கம்ப்யூட்டருக்கு எல்லா எழுத்தும் தெரியும். பிளேயரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரியுமா?

சிடியில் நாம் எழுதிய படம் பளபளக்கும் அடிப்பக்கத்தில் இல்லை, பெயர் எழுதும் மேல்பக்கத்துக்கு ஒட்டி இருக்கிறது! அதனால் மேலே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதக் கூடாது. மார்க்கர் பேனா நல்லது. நாம் எழுதும் சிடி-ஆரில் சாயப் பூச்சு இருப்பதால் வெயிலில் வைத்தால் கெட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை

சொந்தமாக எடுத்த படத்தைத்தான் இப்படிச் செய்யலாம். சினிமாவை எடுத்துப் பரப்புவது குற்றம். திருட்டு விசிடி தொழில் செய்பவர்களை 2004ல் தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் பிளேயர் இருந்தால் அது விசிடியா டிவிடியா என்று பார்த்து வந்து சொல்லுங்கள். டிவியில் செட்டாப் பாக்ஸுக்குப் போகும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரைக் கழற்றி பிளேயரில் மாட்டினால் போதும். எங்கள் படத்தின் சிடியைத் தருகிறோம். பார்க்கும்போது பக்கத்து வீட்டு அக்காமாரையும், ஆலைக்குப் போகிற அத்தைமாரையும் கூப்பிடுங்கள். பார்த்து முடித்ததும் அடுத்த தெருவுக்குக் கொடுத்துவிடுங்கள். புகை தெரிந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது ஒருத்தருக்கு மட்டும் தெரிந்தால் போதாது.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி