லாக் நட் சாவி தொலைந்தால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அலாய் வீல் போட்ட பல கார்களில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கும். தலை வட்டமாக இருக்கும். அதில் பூ இதழ் மாதிரி வளைந்து நெளிந்து ஒரு பள்ளம் ஓடும். அதுதான் திருட்டுத் தடுப்பு லாக் நட். வீல் ஸ்பானரை வைத்தால் வழுக்கும். அந்தப் பள்ளத்தில் அச்சாகப் பொருந்துகிற, கட்டைவிரல் நீளமுள்ள இரும்புத் துண்டு ஒன்றை முதலில் செருகி, அதன் ஆறுபட்டை முனையில் ஸ்பானரை மாட்டித் திருக வேண்டும். அந்தத் துண்டுதான் சாவி. கார் வாங்கிய அன்று கையில் கொடுத்திருப்பார்கள். பிறகு பஞ்சர் ஆகும் வரை அதை யாரும் தேடுவதில்லை. தேடும்போது கிடைக்காவிட்டால், சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதில் பல யோசனைகள் பணத்தைக் கரைக்கும், ஒன்றிரண்டு உயிருக்கே உலை வைக்கும்.

நம்பிக்கை: டிக்கியில் இல்லை என்றால் தொலைந்துவிட்டது என்று பொருள்.

உண்மை: பெரும்பாலும் காருக்குள்தான் இருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கி அதன் அடிக்குழியைப் பாருங்கள். ஜாக்கி வைத்திருக்கும் தெர்மாகோல் தட்டில் சின்னதாக ஒரு பொந்து இருந்தால் அது சாவிக்கானதாக இருக்கலாம். டேஷ்போர்டு பெட்டி, சீட்டுக்கு அடி, கதவுப் பை, கார் புத்தகம் வைத்திருக்கும் உறை என்று ஒவ்வொன்றாகத் துழாவுங்கள். அங்கும் இல்லையா? கடைசியாக டயர் மாற்றிய கடைக்கோ வீல் பேலன்ஸிங் செய்த கடைக்கோ போன் போடுங்கள். கழற்றிய பையன் சாவியை ஸ்பானர் சாக்கெட்டிலேயே விட்டிருக்கலாம், அடுத்த காருக்குப் போகும் அவசரத்தில் லாக் நட்டிலேயே விட்டிருக்கவும் கூடும். நான்கு சக்கரத்தையும் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகமும் தீரும்.

நம்பிக்கை: நடுவழியில் பஞ்சர், சாவியும் இல்லை. இனி டோயிங் வண்டிதான் கதி.

உண்மை: இன்றைய கார்களில் பெரும்பாலும் ட்யூப்லெஸ் டயர்தான். ஆணி குத்தியது தரையில் படும் பட்டையில் என்றால், சக்கரத்தைக் கழற்றாமலேயே பஞ்சர் ஒட்டலாம். முன்சக்கரமானால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக ஒடித்தால் டயர் வெளியே திரும்பும். பின்சக்கரமானால் காரை ஓரடி நகர்த்தி, ஆணி இருக்கும் இடத்தைக் கைக்கு எட்டும்படி கொண்டுவந்தால் போதும். ஆணியைப் பிடுங்கி, துளையை அரம் போன்ற ஊசியால் உரசி, பசை தடவிய ரப்பர் திரியைச் சொருகி, காற்றடித்தால் வண்டி கிளம்பிவிடும். நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைக்காரர்கள் தினமும் செய்கிற வேலை இது. டயரின் பக்கச் சுவர் கிழிந்திருந்தால் மட்டும் இந்த வழி உதவாது. காற்றே இல்லாமல் வண்டியை உருட்டிக்கொண்டு போனால், நன்றாக இருந்த பக்கச் சுவரும் நசுங்கிக் கெட்டுவிடும். காற்று இறங்கியது தெரிந்ததுமே ஓரங்கட்டுங்கள்.

நம்பிக்கை: லாக் நட் எல்லாம் ஒன்றுதான். பக்கத்து வீட்டுக் கார் சாவி போதும்.

உண்மை: ஒரே கம்பெனி தயாரிப்பிலும் பள்ளத்தின் வடிவம் பல வகை. ஒரே மாடல் கார் என்பதற்காக ஒரே சாவி வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஏறக்குறையப் பொருந்துகிற சாவியை வைத்து அழுத்தித் திருகினால் பள்ளத்தின் விளிம்பு மழுங்கிவிடும். பிறகு சரியான சாவியே கிடைத்தாலும் அது பிடிக்காமல் நழுவும்.

நம்பிக்கை: சேஸி எண்ணைச் சொன்னால் புதுச் சாவி வந்துவிடும்.

உண்மை: பெரும்பாலும் வராது. புதுச் சாவிக்கு வேண்டியது லாக் நட்டின் குறியீடு. செட்டோடு வந்த சிறு அட்டையில் அது அச்சாகியிருக்கும், சாவியின் உடலிலும் பொறித்திருப்பார்கள். மெக்கார்டு போன்ற லாக் நட் தயாரிப்பாளர்கள் அந்தக் குறியீட்டை வைத்து மாற்றுச் சாவி தருகிறார்கள். அட்டையும் கைவசம் இல்லை என்றால் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் கார் பிராண்டின் சர்வீஸ் சென்டர். சில பிராண்டுகளின் சென்டர்களில் எல்லா வடிவமும் அடங்கிய மாஸ்டர் சாவி செட் இருக்கும். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, பொருந்துகிற சாவியால் நான்கையும் கழற்றிக் கொடுப்பார்கள். லாக் நட்டின் முகத்தைத் தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டுவிட்டுப் போனால் ஒரு நடை மிச்சம்.

நம்பிக்கை: ஒரு வெல்டிங் வைத்தால் ஐந்து நிமிட வேலை.

உண்மை: டயர் மாட்டிய சக்கரத்தின் பக்கத்தில் வெல்டிங் கூடவே கூடாது. ரிம் சூடானால் டயரின் உட்பக்க ரப்பர் வெந்து வாயு கிளம்பும், அழுத்தம் ஏறி டயர் வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டால் போதும் என்பதும் பாதுகாப்பான கணக்கு இல்லை. உளி வைத்து அடிப்பதும் வீண். அலாய் வீலில் நட் ஆழமான குழிக்குள் இருப்பதால் உளிக்கு இடமே இருக்காது, ரிம்மில்தான் வடு விழும்.

சாவி கிடைக்கவே கிடைக்காது என்றான பிறகு செய்ய வேண்டியது வேறு. உட்புறம் சுருளாகப் பல் வெட்டிய எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் என்று ஒன்று உண்டு. அதை நட்டின் மேல் தட்டி ஏற்றி இடப்பக்கமாகத் திருகினால், திருகத் திருக நட்டைக் கவ்விக்கொள்ளும். சக்கரம் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். மற்ற நட்டுகள் இறுக்கமாகவே இருக்கட்டும், அப்போதுதான் லாக் நட்டின் மேல் பாரம் குறைந்து அது சீக்கிரம் இளகும். சில லாக் நட்டுகளில் வெளி வளையம் தனியாகச் சுழலும். அவற்றில் இந்த வித்தை பலிக்காது, ட்ரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

ஸ்டட் உடைந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. மாருதி, ஹூண்டாய், டொயோட்டா கார்களில் ஸ்டட்டின் மேல் நட் ஏறும். ஸ்டட் உடைந்தால் அதை மட்டும் தட்டி எடுத்துப் புதிது போடலாம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்ற ஐரோப்பியக் கார்களில் போல்ட் நேராக ஹப்பின் மரைக்குள் இறங்கும். அங்கே மரை கெட்டால் ஹப்புக்கே செலவு வரும். அந்தக் கார்க்காரர்கள் கூடுதல் நிதானம் காட்டுவது நல்லது.

நம்பிக்கை: ஏர் கன் இருந்தால் எதுவும் கழன்றுவிடும்.

உண்மை: பல சாவிகள் காணாமல் போவதில்லை, கடையில் ஏர் கன்னில் மாட்டி உடைகின்றன. மெல்லிய இதழ் வடிவத்தால் அந்த விசையைத் தாங்க முடியாது. லாக் நட்டைக் கையால்தான் இளக்க வேண்டும், கையால்தான் இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பது கார் புத்தகத்தில் இருக்கும். பல சிறிய, நடுத்தரக் கார்களுக்கு அது சுமார் 90 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். டயர் கடையில் வண்டியை விட்டதும் முதலில் சொல்ல வேண்டியது, “அண்ணே, லாக் நட்டுக்கு கன் போடாதீங்க” என்பதுதான்.

நம்பிக்கை: லாக் நட் போனால் போகட்டும், மீதி மூன்று தாங்கும். இல்லாவிட்டால் கிடைக்கிற நட்டைப் போட்டுக்கொள்ளலாம்.

உண்மை: இரண்டும் ஆபத்து. ஒரு நட் குறைந்தால் அதன் பாரமும் மற்றவற்றின் தலையில் விழும். நட்டுகள் இளகவும் ஸ்டட் முறியவும் அது வழி. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் நட்டுகளிலும் மரை வேறுபடும். மாருதி சுசூகி கார்களில் 12 மி.மீ. ஸ்டட்டின் மரை இடைவெளி 1.25 மி.மீ., ஹூண்டாயில் 1.5 மி.மீ. ஒன்றை இன்னொன்றில் ஏற்றினால் இரண்டு சுற்று போய் இறுகும், இன்னும் அழுத்தினால் மரை சிதைந்துவிடும். ரிம்மில் உட்காரும் முகமும் கூம்பா, உருண்டையா, தட்டையா என்று பார்க்க வேண்டும். கழற்றிய நட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

நம்பிக்கை: லாக் நட் இல்லாவிட்டால் மறுநாளே வீல் போய்விடும்.

உண்மை: மெக்கானிக் வைத்திருக்கும் எக்ஸ்ட்ராக்டர் திருடனுக்கும் கிடைக்கும். லாக் நட் அவனைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. தெருவில் நிறுத்தும் விலையுயர்ந்த அலாய் வீலுக்கும், பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னிக்கும் அந்தத் தாமதம் உபயோகம்தான். பூட்டிய கேட்டுக்குள் நிற்கும் சாதாரணக் காருக்குச் சாதா நட்டே போதும், சாவி தேடும் தொல்லையும் மிச்சம்.

லாக் நட்டையே வைத்துக்கொள்வதாக இருந்தால் இன்றைக்கே சாவியைத் தேடி எடுத்து, நட்டில் வைத்துப் பொருந்துகிறதா என்று பாருங்கள். குறியீட்டையும் சாவி முகத்தையும் போட்டோ எடுத்துப் போனில் வையுங்கள். பழைய கார் வாங்குபவர்கள் ஆர்.சி. புத்தகத்தோடு இந்தச் சாவியையும் கேட்டு வாங்கி, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு நட்டைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிடுங்கள்.