'லெட்' – விடுவதா? தடுப்பதா?



இந்த மாதப் பாடத்துக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்திருக்கிறேன். மூன்றே எழுத்து. யூ.கே.ஜி. படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். 'லெட்'. "இதுல படிக்க என்ன இருக்கு பிரதர்?" என்று கேட்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் ஒருநாள் சபை நடுவே தலைகுனிந்தேன்.

வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியர் ஆங்கிலத்தில் பேசினார். நான் மொழிபெயர்த்தேன். அவர் பழைய கிங் ஜேம்ஸ் வேதாகமத்திலிருந்து ரோமர் 1:13-ஐ வாசித்தார். ரோமாபுரிக்கு வரப் பலமுறை நினைத்தும் பவுலுக்கு என்ன நடந்தது என்று சொல்லும் இடத்தில் 'லெட்' என்று வந்தது. நான் கொஞ்சமும் யோசிக்காமல், "இதுவரைக்கும் எனக்கு அனுமதி கிடைத்தது" என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் தமிழ் வேதத்தை மடியில் விரித்திருந்த வயதான அம்மா ஒருவர், "தம்பி, நம்ம வேதத்துல தடைன்னுல்ல போட்டிருக்கு?" என்றார். பார்த்தேன். தடை என்றுதான் இருந்தது! ஆங்கிலம் தெரிந்த நான் தப்பு. ஆங்கிலம் தெரியாத அம்மா சரி. அன்று ராத்திரி அகராதியை எடுத்தேன். கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

1. இரண்டு சொற்கள், ஒரே சத்தம்

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. ஒன்றுக்கு 'விடு, போகவிடு' என்று அர்த்தம். மற்றொன்றுக்கு 'தடு, தாமதப்படுத்து' என்று அர்த்தம். நாம் சொல்கிற 'லேட்' இந்த இரண்டாவது சொல்லுக்குச் சொந்தக்காரன்தான். காலப்போக்கில் இரண்டும் உச்சரிப்பில் ஒன்றாகி, இரண்டுமே 'லெட்' ஆகிவிட்டது. 1611-ல் கிங் ஜேம்ஸ் வேதாகமம் வெளிவந்தபோது இரண்டு அர்த்தமும் புழக்கத்தில் இருந்தன. பிறகு 'தடு' என்ற அர்த்தம் பேச்சிலிருந்து மறைந்தது. புத்தகத்திலோ அப்படியே நிற்கிறது.

நம் தமிழிலும் இப்படி உண்டு. 'நாற்றம்' என்றால் பழைய இலக்கியத்தில் நறுமணம். இன்று அந்தச் சொல்லை யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்!

2. ஒரே அதிகாரத்தில் நான்கு 'லெட்'

கிங் ஜேம்ஸில் யாத்திராகமம் 5-ம் அதிகாரத்தைத் திறந்து, பக்கத்தில் தமிழ் வேதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

1-ம் வசனம்: கர்த்தருடைய ஜனத்தைப் போகவிட வேண்டும் என்று மோசேயும் ஆரோனும் பார்வோனிடம் சொல்கிறார்கள். இங்கே 'லெட்' என்றால் விடுதலை பண்ணு.

3-ம் வசனம்: மூன்று நாள் பிரயாணம் போக எங்களை விடும் என்கிறார்கள். 'லெட் அஸ்' என்று வருகிறது. இதே 'லெட் அஸ்' சபையில் 'லெட் அஸ் ப்ரே' என்று வரும்போது 'ஜெபிப்போம்' என்று அர்த்தம், எல்லாரும் சேர்த்தி. பார்வோனிடம் சொல்லும்போதோ 'எங்களை'. அவன் அந்தக் கூட்டத்தில் இல்லை. நாம், நாங்கள் என்று தமிழ் பிரித்துக் காட்டுவதை ஆங்கிலம் பிரிப்பதில்லை. யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்த்துத்தான் நாம் பிரிக்க வேண்டும்.

4-ம் வசனம்: ராஜா மோசேயையும் ஆரோனையும் கோபிக்கிறான். ஜனங்களை வேலை செய்யவிடாமல் ஏன் கெடுக்கிறீர்கள் என்று கேட்கிறான். இங்கேயும் 'லெட்'தான்! ஆனால் அர்த்தம் தலைகீழ். தடுப்பது.

7-ம் வசனம்: இனி வைக்கோல் கொடுக்க வேண்டாம், அவர்களே போய்ச் சேர்த்துக்கொள்ளட்டும் என்கிறான். 1-ம் வசனத்தில் உள்ள அதே 'லெட்', அதே 'கோ'. ஆனால் இது விடுதலை அல்ல, கட்டளை. தமிழில் '-அட்டும்' என்று முடிப்போமே, அது.

பார்த்தீர்களா? ஏழு வசனத்துக்குள் நான்கு விதம். அகராதியில் முதலில் இருக்கிற அர்த்தத்தை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டினால் என்ன ஆகும்!

3. தடுக்கிற 'லெட்' இன்னும் எங்கே இருக்கிறது?

ஏசாயா 43:13, ரோமர் 1:13, 2 தெசலோனிக்கேயர் 2:7 ஆகிய இடங்களிலும் கிங் ஜேம்ஸில் இந்த அர்த்தமே. 1982-ல் முழுமையாக வெளிவந்த நியூ கிங் ஜேம்ஸ் வேதாகமத்தில் ரோமரில் 'ஹிண்டர்' என்றும் தெசலோனிக்கேயரில் 'ரெஸ்ட்ரெய்ன்' என்றும் மாற்றியிருக்கிறார்கள். ஹிண்டர் என்றால் போகிறவனுக்கு இடைஞ்சலாவது. ரெஸ்ட்ரெய்ன் என்றால் மீறாதபடி பிடித்து நிறுத்துவது.

வேதத்துக்கு வெளியேயும் உண்டு. டென்னிஸில் சர்வீஸ் போட்ட பந்து வலையில் உரசி, விழவேண்டிய கட்டத்திலேயே விழுந்தால் 'லெட்' என்பார்கள். தடைபட்டது, மறுபடியும் போடு என்று அர்த்தம். நம் இந்தியப் பாஸ்போர்ட்டில் ஜனாதிபதியின் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சிட்டிருக்கும். இவரை 'லெட்' இல்லாமல் தாராளமாகப் போக 'அலவ்' பண்ணுங்கள் என்பது அதன் கருத்து. ஒன்று தடை, மற்றது அனுமதி.

4. இன்றைய பேச்சில் எப்படிச் சொல்வது?

இன்று பேசும்போது 'லெட்' என்றால் விடுவதுதான். அதில் குழப்பம் வேண்டாம். நம் 'விடு' போலவே வீட்டு வாசலில் 'டு லெட்' என்று போர்டு தொங்கினால், வாடகைக்கு விடப்படும். 'லெட் டவுன்' என்றால் நம்பினவரைக் கைவிடுவது.

பிள்ளைகள் தவறுவது இங்கே: 'லெட் ஹிம் கோ' என்பதே சரி, நடுவில் 'டு' வராது. 'அலவ்', 'பெர்மிட்' என்று சொன்னால் 'டு' கட்டாயம் வரும்: 'அலவ் ஹிம் டு கோ'. வீட்டில் 'லெட்' போதும். அலுவலகக் கடிதத்தில், அதிகாரம் உள்ளவர் அனுமதி தருகிற இடத்தில் 'பெர்மிட்' பொருந்தும். நேற்று நடந்ததைச் சொன்னாலும் 'லெட்'தான், 'லெட்டட்' கிடையாது.

5. இன்னும் இரண்டு சொற்கள்

மாற்கு 10:14-ல் சிறு பிள்ளைகளைக் குறித்து கிங் ஜேம்ஸில் 'சஃபர்' என்று வரும். இன்றைக்கு அது கஷ்டப்படுவது. அன்றைக்கு அனுமதிப்பது. தமிழில் 'இடங்கொடுங்கள்' என்று அழகாய் இருக்கிறது. 1 தெசலோனிக்கேயர் 4:15-ல் 'ப்ரிவென்ட்' என்று வரும். இன்றைக்குத் தடுப்பது, அன்றைக்கு முந்திக்கொள்வது.

ஆகையால் தேவபிள்ளையே, ஆங்கில வசனம் ஒன்று தமிழுக்கு நேர் எதிராய்த் தோன்றினால், "புது வெளிப்பாடு கிடைச்சிருக்கு" என்று அதன்மேல் பிரசங்கம் கட்டாதீர்கள். முதலில் தமிழ் வேதத்தைப் பாருங்கள். பிறகு புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றைப் பாருங்கள். முன்பின் வசனங்களையும் வாசியுங்கள். மொழிபெயர்க்கிறவர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் விசேஷமாய்ச் சொல்லுகிறேன். நாம் ஒரு சொல்லில் தவறினால், கேட்கிற அத்தனை பேரும் அதை நம்பி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

யாத்திராகமம் 5-ஐ இன்னொரு தரம் பாருங்கள். ஜனங்களை விடு என்று கேட்டவர்களைப் பார்த்து, தடுக்கிறவர்கள் என்று குற்றம் சாட்டுகிறான் பார்வோன். உண்மையில் தடுக்கிறவன் அவனே! நம் வீட்டில், சபையில், ஒரு வாலிபன் முன்னேற, ஒரு சகோதரி பேச, நாம் எந்த 'லெட்' ஆக இருக்கிறோம்? வழிவிடுகிறோமா, வழிமறிக்கிறோமா? அவரவர் நிதானித்து அறிவோமாக.

அன்று கைதூக்கிக் கேட்ட அந்த அம்மாவுக்காக இன்றும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். ஆமென்.