குழந்தை இன்குபேட்டரில்... அம்மாவுக்குப் பால் பெருக 18 குறிப்புகள்

37 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிட்ட குழந்தைக்கு உறிஞ்சி, விழுங்கி, நடுவில் மூச்சும் விடும் பழக்கம் கைகூட ஏறக்குறைய 34-வது வாரம் ஆகும். அதுவரை குழாய் வழியாகவோ பாலாடையிலோதான் பால் போகும். அந்தப் பாலை அம்மா பீய்ச்சித் தர வேண்டும். உறிஞ்சுவதற்குப் பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது சுரப்பு மந்தமாவது சகஜம்தான். ஆனால் அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. என்ன சாப்பிட்டோம் என்பதைவிட எத்தனை முறை எடுத்தோம் என்பதுதான் பாலின் அளவைத் தீர்மானிக்கிறது. அதிலும் முதல் இரண்டு வாரம் ரொம்ப முக்கியம்.

1. பால் இறங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிரசவமான முதல் ஒரு மணி நேரத்திலேயே பீய்ச்சத் தொடங்கினால் மிக நல்லது. இல்லாவிட்டால் 6 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். சிசேரியன் ஆனவர்கள் படுத்தபடியே நர்ஸ் உதவியுடன் எடுக்கலாம். குழந்தைக்கு இன்னும் பாலே ஆரம்பிக்கவில்லை என்று டாக்டர் சொன்னாலும் நீங்கள் எடுப்பதை ஆரம்பித்துவிடுங்கள்.

2. முதல் இரண்டு நாள் பம்பைவிடக் கை நல்லது. சீம்பால் கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வரும். பம்பில் எடுத்தால் பாதி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து 2 முதல் 3 செ.மீ. தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்துங்கள், பிறகு இரு விரல்களையும் நெருக்குங்கள், உடனே தளர்த்துங்கள். இதே தாளத்தில் இரண்டு மூன்று நிமிடம் செய்தால் சொட்டு எட்டிப் பார்க்கும். பிறகு விரல்களைக் கடிகார முள் போல நகர்த்தி எல்லாப் பக்கமும் எடுங்கள். தோலில் விரலை வழுக்கிக்கொண்டு போனாலோ, காம்பைப் பிடித்து இழுத்தாலோ வலிதான் மிஞ்சும்.

3. ஒரு சொட்டையும் வீணாக்காதீர்கள். காம்பில் திரளும் சொட்டை ஊசி இல்லாத சிறு சிரிஞ்சால் அப்படியே உறிஞ்சி எடுத்துவிடலாம். நோய் எதிர்ப்புப் பொருட்கள் நிறைந்தது சீம்பால். பல மருத்துவமனைகளில் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தில் இருபக்கமும் 0.1 மி.லி. வீதம் இதைத் தடவுகிறார்கள். "மஞ்சளா இருக்கு, கீழே ஊத்திடு" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

4. அளவைப் பார்த்து மிரளாதீர்கள். 1.2 கிலோ குழந்தைக்கு ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 12 முதல் 24 மி.லி. பால்தான் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் வேளைக்கு 1 அல்லது 2 மி.லி. அதே குழந்தை முழு அளவு பால் குடிக்கத் தொடங்கும்போது நாளைக்கு ஏறக்குறைய 190 மி.லி. தேவைப்படும். ஆகவே இரண்டாம் நாள் கிண்ணத்தின் அடியை மட்டும் நனைக்கிற பாலே அன்றைக்குப் போதுமானது.

5. 24 மணி நேரத்தில் 8 முதல் 10 முறை. மார்பில் பால் தேங்கி நின்றால் "இனி வேண்டாம்" என்று உடம்பு உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். காலி செய்யச் செய்யத்தான் ஊறும். இரவு 2, காலை 5, 8, 11, பகல் 2, மாலை 5, இரவு 8, 11 என்று போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த இரண்டு வேளைகளை நெருக்கி வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டுங்கள். நான்கு முறை அரை அரை மணி நேரம் எடுப்பதைவிட, எட்டு முறை கால் கால் மணி நேரம் எடுப்பது பலன் தரும்.

6. இரவு வேளையை விட்டுவிடாதீர்கள். பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும். ஒரேயடியாகத் தூங்குவதாக இருந்தாலும் 5 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். பாத்திரம், துணி, குடிக்கத் தண்ணீர் எல்லாவற்றையும் தலைமாட்டிலேயே எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள். எடுத்த பாலை மூடி ஃபிரிட்ஜில் வைக்கும் வேலை கணவருடையதாகவோ அம்மாவுடையதாகவோ இருக்கட்டும்.

7. பால் இறங்கியதும் பம்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக 2 முதல் 4 நாளில் பால் இறங்கும். குறைப் பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய் இருந்தால் ஓரிரு நாள் தள்ளிப்போகலாம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்சாரப் பம்ப் நேரத்தை மிச்சப்படுத்தும், பாலையும் கூட்டும். சொந்தமாக வாங்குமுன் வார்டில் இருக்கிறதா, வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். மருந்துக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், ரப்பர் பந்தை அமுக்கி இழுக்கும் பழைய பம்ப் மட்டும் வேண்டாம். அந்தப் பந்துக்குள் பால் போய்விட்டால் சுத்தம் செய்வது கடினம், காம்பிலும் புண் ஆகும். பம்பே கிடைக்காவிட்டாலும் கையால் எடுத்தே முழு அளவைக் கொண்டுவர முடியும்.

8. பம்பின் புனல் அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள். இழுக்கும்போது காம்பு புனலின் பக்கங்களில் உரசாமல் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். கருவட்டமும் சேர்ந்து உள்ளே போனால் புனல் பெரிது. காம்பு வெளுத்தோ கன்றியோ போனால் சிறிது. வேகத்தைக் கூட்டினால் பால் அதிகமாகிவிடாது. வலி இல்லாமல் தாங்கக்கூடிய அளவில் வையுங்கள்.

9. பம்ப் ஓடும்போது கையும் வேலை செய்யட்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஜேன் மார்ட்டன் குழுவினர் குறைமாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம் நடத்திய ஆய்வு 2009-ல் வெளிவந்தது. பம்புடன் கையையும் பயன்படுத்தியவர்களுக்குப் பால் 48 சதவீதம் கூடியது. செய்முறை எளிது. வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுத்து, அக்குளில் இருந்து காம்பை நோக்கி மெல்ல நீவிவிட்டுப் பம்பை வையுங்கள். ஓடும்போது கட்டியாகத் தட்டுப்படும் இடங்களை விரலால் அழுத்திக்கொடுங்கள். பம்பில் வருவது நின்றதும் ஓரிரு நிமிடம் கையால் பீய்ச்சி முடியுங்கள்.

10. பாதியில் நிறுத்தாதீர்கள். ஒரு வேளைக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம், எடை ஏற வேண்டிய குழந்தைக்கு அது முக்கியம். சொட்டு நின்ற பிறகும் 2 நிமிடம் தொடருங்கள். அதற்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிழிய வேண்டாம்.

11. கங்காரு பராமரிப்பைக் கேட்டு வாங்குங்கள். டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்ட குழந்தையை அம்மாவின் வெற்று மார்போடு நிமிர்த்தி அணைத்து வைக்கும் முறை இது. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க டாக்டர் எட்கர் ரே தொடங்கிவைத்தார். இப்போது குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்குச் சூடும் பாதுகாப்பும் கிடைக்கிறது, அம்மாவுக்குச் சுரப்பும் கூடுகிறது. முன்பக்கம் திறக்கும் நைட்டியோ ரவிக்கையோ அணிந்து செல்லுங்கள். குழந்தையை இறக்கிவிட்ட கையோடு பால் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

12. குழந்தையைப் பார்த்தபடி எடுங்கள். பாலை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின் ஹார்மோன். வலியும் பதற்றமும் அதைத் தடுக்கும். குழந்தையின் முகமும் வாசனையும் அதைத் தூண்டும். வார்டில் அனுமதித்தால் இன்குபேட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து எடுங்கள். வீட்டில் இருந்தால் போனில் குழந்தையின் வீடியோவைப் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தையைச் சுற்றியிருந்த துணியைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். தையல் வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் தாய்ப்பால் கொடுப்பவருக்கு ஏற்ற வலி மாத்திரையைக் கேளுங்கள்.

13. ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தேதி, நேரம், மி.லி. இந்த மூன்றும் போதும். ஒவ்வொரு வேளையும் கூடிக் குறையும். விடியற்காலையில் நிறைய வரும், சாயங்காலம் சுண்டும். ஆகவே 24 மணி நேரக் கூட்டுத்தொகையை மட்டும் பாருங்கள். 14-வது நாளில் 500 மி.லி.க்கு மேல் எட்டுவது நல்ல இலக்கு. குழந்தைக்கு இப்போது அவ்வளவு தேவையில்லை என்றாலும், இரண்டு மாதம் கழித்துத் தேவைப்படும்போது கைகொடுக்கும். 350 மி.லி.யைத் தாண்டவே இல்லை என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, கருப்பையில் நஞ்சுக்கொடித் துணுக்கு தங்கியிருப்பது போன்ற காரணங்களைத் தேட வேண்டியிருக்கும்.

14. அளவு தேங்கி நின்றால் ஒரு மணி நேரப் பயிற்சி. 20 நிமிடம் பம்ப், 10 நிமிடம் ஓய்வு, 10 நிமிடம் பம்ப், 10 நிமிடம் ஓய்வு, மறுபடி 10 நிமிடம் பம்ப். வளரும் குழந்தை அடிக்கடி வாய் வைத்துக் குடிப்பதைப் போல உடம்பை நம்பவைக்கும் வழி இது. தினம் ஒரு முறை, சில நாள் செய்து பாருங்கள். இடைவேளையில் படுத்து ஓய்வெடுங்கள்.

15. பத்தியத்தில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். "தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும், தையல் சீழ் வைக்கும்" என்பதில் உண்மையில்லை. தாகத்துக்குக் குடியுங்கள். பால் எடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு டம்ளர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். தாகத்துக்கு மேல் குடம் குடமாகக் குடித்தாலும் பால் கூடப்போவதில்லை. பருப்பு, முட்டை, கீரை, பால் என மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுங்கள். பூண்டுக் குழம்பு, வெந்தயக் களி, முருங்கைக்கீரைப் பொரியல் தாராளமாக உண்ணலாம். பிலிப்பைன்ஸில் குறைமாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம் நடந்த ஒரு சிறு ஆய்வில் முருங்கை இலை பாலைக் கூட்டியிருக்கிறது. சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் வெந்தயத்தை மாத்திரையாகச் சாப்பிடும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள், சர்க்கரை ரொம்பக் குறைந்துவிடலாம். பால்சுறா புட்டு பல வீடுகளின் வழக்கம். ஆனால் சுறா வகைகளில் பாதரசம் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களே மேல். எதைச் சாப்பிட்டாலும் எட்டு முறை எடுப்பதற்கு அது மாற்றாகாது.

16. மருந்துகளில் கவனம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும், சூடோஎபிட்ரின் உள்ள சளி மாத்திரையும் பாலைக் குறைக்கும். பால் சுரக்க டாம்பெரிடோன் தருவதுண்டு. அது இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் டாக்டர் எழுதித் தந்தால் மட்டுமே. பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பலித்ததென்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஒரு பக்கம் சிவந்து, கட்டியாகி, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். பால் எடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

17. சுத்தமும் சேமிப்பும். குறைமாதக் குழந்தைக்குக் கிருமி தாங்காது. ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவுங்கள். மார்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், தினமும் குளித்தாலே போதும். பால் படும் பாத்திரங்களையும் பம்பின் பாகங்களையும் கழுவி 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். அறை வெப்பத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் வேண்டாம், உள்தட்டில் வையுங்கள். எத்தனை நாள் வைக்கலாம் என்பதில் உங்கள் வார்டின் விதியே இறுதி. வீட்டிலிருந்து கொண்டுபோகும்போது ஐஸ் கட்டி வைத்த பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது. ஒருமுறை உருகிய பாலை மறுபடி உறையவைக்கவும் கூடாது.

18. போதாத நாட்களில் தாய்ப்பால் வங்கியைக் கேளுங்கள். மும்பை சயான் மருத்துவமனையில் 1989-ல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியதுதான் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களிலும் வங்கி உண்டு. தானமாக வந்த பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் பதப்படுத்தி, பரிசோதித்த பிறகே தருவார்கள். கடையிலோ ஆன்லைனிலோ விலைக்கு வாங்காதீர்கள். தாய்ப்பால் விற்பனைக்கு அனுமதியில்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2024 மே மாதம் அறிவித்திருக்கிறது. வங்கிப் பால் கிடைக்கிறதே என்று சொந்தப் பாலை எடுப்பதை விட்டுவிடவும் கூடாது.

வீட்டாருக்கு: "இவ்வளவுதான் வந்துச்சா?" என்று மாமியாரோ நாத்தனாரோ கேட்கும் ஒரு கேள்வி அடுத்த வேளைப் பாலைக் குறைத்துவிடும். பாத்திரம் கொதிக்க வைப்பது, பாலை வார்டில் கொண்டு சேர்ப்பது, வருகிறவர்களை வாசலோடு பேசி அனுப்புவது ஆகிய மூன்றையும் நீங்கள் பார்த்துக்கொண்டால் குழந்தையின் அம்மா பால் எடுப்பதையும் தூங்குவதையும் பார்த்துக்கொள்வார்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு: குழந்தை நேரடியாகக் குடிக்கப் பழகினாலும் சீக்கிரம் களைத்துப் பாதியில் தூங்கிவிடும். அதனால் குடித்து முடித்தபின் மீதியை எடுப்பதைச் சில வாரங்கள் தொடருங்கள். எடை சீராக ஏறுவதை டாக்டர் உறுதி செய்த பிறகு, சில நாட்களுக்கு ஒரு வேளை வீதம் மெதுவாகக் குறைத்துக்கொள்ளலாம்.